ஒரே முகவரியில் ஆறு மாதம்

"உன் வீடு எங்கே?" என்று சின்னக்காவை யாரும் கேட்டதில்லை. "இப்போ எங்கே இருக்கே?" என்றுதான் கேட்பார்கள். பெரியக்கா வீட்டில் என்பாள், தம்பி வீட்டில் என்பாள், சில சமயம் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்வாள். ஆஸ்பத்திரி என்றால் குடும்பத்தில் யாரோ படுத்திருக்கிறார்கள், சின்னக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டவர்களே புரிந்துகொள்வார்கள்.

மூன்று பேரில் நடுவில் பிறந்தவள். தம்பி தன் இரண்டு அக்காக்களையும் பெரியக்கா, சின்னக்கா என்று பிரித்துக் கூப்பிட, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. தம்பி மனைவியும் சின்னக்கா என்றாள், தம்பி பிள்ளைகளும் சின்னக்கா என்றார்கள், அவர்கள் வீட்டுக்குப் பால் போடுகிறவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், அவரும் சின்னக்கா என்றார். பெரியக்கா மட்டும் "சின்னவளே" என்பாள். பெரியக்காவின் மகளுக்கு அவள் சித்தி.

ஒரு காலத்தில் மொத்த மருந்துக் கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கவாதத்தில் படுத்தபோது பெரியக்காவிடம் கைக்குழந்தை, தம்பிக்குப் படிப்பு. யார் பார்த்துக்கொள்வது என்று மூவரும் உட்கார்ந்து பேசவே இல்லை, பேசாமலே முடிவாகிவிட்டது. சின்னக்கா வேலையை விட்டாள். இரண்டு மூன்று வரன்கள் வந்தன. அம்மாவை என்ன செய்வது என்ற கேள்வி வந்ததும் அவை வந்த வழியே திரும்பிப் போயின. அம்மா கண்ணை மூடியபோது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கட்டிடத்தையே இடித்துவிட்டார்கள்.

"இப்போதைக்கு எங்க வீட்டுக்கு வா," என்று பெரியக்கா கூட்டிப்போனாள். அந்த இப்போதைக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. பெரியக்கா கணவருக்குக் கண் ஆபரேஷன், தம்பி மனைவிக்குப் பிரசவம், பிள்ளைகளுக்கு அம்மை, பரீட்சை, யாருக்காவது வெளியூர் வேலை, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஏதாவது ஒன்று வரும். போன் வரும். சாயங்கால பஸ்ஸில் சின்னக்கா ஏறிவிடுவாள்.

குறை சொல்ல ஒன்றும் இல்லை. யாரும் அவளை வேலைக்காரி மாதிரி நடத்தவில்லை. இரண்டு வீட்டிலும் புதுத் துணி எடுக்கும்போது அவளுக்கும் சேர்த்து எடுப்பார்கள். அவள் இல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார்கள். ஆனால் இரண்டு வீட்டிலும் அவள் படுத்த அறைக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. ஒரு வீட்டில் அது துணி தேய்க்கிற ரூம், இன்னொரு வீட்டில் பிள்ளைகள் படிக்கிற ரூம்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதானபோது தம்பி மாடிப்படியில் கால் இடறி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டான். வழக்கம்போல போன் வந்தது, சின்னக்காவும் வந்தாள். தம்பி மனைவி ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் முறை வேலை பார்ப்பவள். கணவனைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும், வேலைக்கும் போக வேண்டும். தம்பியின் கார் வாசலில் தூசி படிந்து நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள், "சின்னக்கா, நீங்க மட்டும் கார் ஓட்டக் கத்துக்கிட்டா எனக்கு இன்னும் ரெண்டு கை முளைச்ச மாதிரி இருக்கும்," என்றாள். சும்மா சொன்னதுதான். சின்னக்கா மறுநாளே தெருமுனையில் இருந்த டிரைவிங் ஸ்கூலில் போய் நின்றாள்.

பழகுவதற்கான அனுமதிச் சீட்டுக்கு அதிகம் கேட்கவில்லை. காலாவதியாகப் போகிற பழைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். முதல் வாரம் கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி விக்கல் எடுத்தது. இரண்டாம் வாரத்தில் சொல்லிக்கொடுத்தவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார ஆரம்பித்துவிட்டார். தம்பி பக்கத்தில் உட்கார, அவளே அவனைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போனாள். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவள் முகம் மாறுவதைத் தம்பி கவனித்தான். சின்ன வயதில் பாண்டி ஆட்டத்தில் கடைசிக் கட்டத்தைத் தாண்டும்போது இருந்த முகம் அது என்று மனைவியிடம் சொன்னான்.

பிசியோதெரபி நிலையத்தை நடத்தியவர் ஒரு பெண் மருத்துவர், அதிகம் பேசாதவர். நடக்க முடியாத நோயாளிகளை வீட்டிலிருந்து அழைத்துவர அவரிடம் ஒரு சின்ன வேன் இருந்தது. அதை ஓட்டியவர் வேறு வேலைக்குப் போகப்போவதாகச் சொல்லிவிட்டார். தம்பியைச் சின்னக்கா காரிலிருந்து இறக்கும் விதத்தை மருத்துவர் சில நாள் கவனித்தார். அக்குளில் கை கொடுத்து, அவன் எடையைத் தன் இடுப்பில் வாங்கி, அவசரமே இல்லாமல் நிமிர்த்தினாள். அம்மாவைத் தூக்கித் தூக்கிப் படிந்த பழக்கம் அது. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வேலைக்கு வரச் சம்மதமா என்று மருத்துவர் கேட்டார். லைசென்ஸ் வரும்வரை உள்ளே நோயாளிகளுக்கு உதவியாக இருக்கலாம், அதற்கும் சம்பளம் உண்டு என்றார்.

சின்னக்கா சம்மதம் என்றாள். அவளை ஒருவர் சம்பளத்துக்கு வேலைக்குக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

லைசென்ஸ் அலுவலகத்தில் அவளுடைய விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த பெண் இளவயதுக்காரி. தலைக்கு நேர் மேலே ஏசி வைத்திருந்ததால் வெளியே வெயில் கொளுத்தும்போதும் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அட்டையில் இருக்கும் முகவரியில்தானே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அந்தக் கட்டிடமே இப்போது இல்லை என்றாள் சின்னக்கா. தம்பி வீட்டு முகவரியைக் கொடுத்தாள். அந்த முகவரிக்கு உங்கள் பெயரில் ஏதாவது வருமா, கரண்ட் பில், பேங்க் கடிதம், எதுவாக இருந்தாலும் சரி என்றாள் அந்தப் பெண். பேங்க் கடிதம் எப்போதோ கொடுத்த பழைய முகவரிக்குப் போய்த் திரும்பிவிடுகிறது, போன் அத்தான் பெயரில் வாங்கியது, மற்றதெல்லாம் தம்பி பெயரில். போன வருடம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதற்குச் சின்னக்கா விரல் விட்டு ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார்.

"சரிம்மா, ஒருத்தர் உங்களை நேர்ல பார்க்கணும்னா எங்கே வரணும்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

சின்னக்கா யோசித்தாள். "யார் கூப்பிட்டாங்களோ அங்கே இருப்பேன்," என்றாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு விதியை நிதானமாகச் சொன்னாள். இந்த அலுவலக எல்லைக்குள் ஒரே முகவரியில் ஆறு மாதம் தொடர்ந்து குடியிருக்க வேண்டும். அந்த முகவரியில் தன் பெயரில் இரண்டு சான்றுகள் வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். இடையில் எந்த நாளிலும் சொல்லாமல் ஆள் வந்து பார்ப்பார். இரண்டு தடவை வந்தும் வீடு பூட்டியிருந்தால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள், மறுபடி முதலிலிருந்துதான்.

"கஷ்டம் ஒண்ணும் இல்லைம்மா. ஆறு மாசம் ஒரே இடத்துல இருக்கணும், அவ்வளவுதான்," என்றாள்.

அவ்வளவுதான் என்ற சொல்லைச் சின்னக்கா பஸ் நிறுத்தம்வரை மனதில் உருட்டிக்கொண்டே போனாள்.

என் வீட்டிலேயே ஆறு மாதம் இருந்துவிட்டுப் போ, நானே கையெழுத்துப் போடுகிறேன், போனை உன் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்று தம்பி சொன்னான். அவன் மனைவியும் மனதாரச் சொன்னாள். சின்னக்கா வாடகைக்கு ஓர் அறை பார்க்கப்போவதாகச் சொன்னதும் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள், கூடப் பிறந்தவன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது அக்கா தனியாக அறை எடுத்தாள் என்று பேச மாட்டார்களா என்றான்.

சின்னக்கா அவனுடைய காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே பதில் சொன்னாள். "உன் வீட்ல நான் இருந்தா, பெரியக்கா கூப்பிட்ட உடனே நீயே என் பெட்டியை எடுத்து வண்டியில வைப்பேடா."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிசியோதெரபி நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, தையல் மிஷின் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது. கடைக்காரர்தான் வீட்டுச் சொந்தக்காரர். அறையைக் காட்டும்போது நன்றாகத்தான் பேசினார். கையெழுத்து என்றதும் பின்வாங்கினார். முன்பு குடியிருந்தவன் இந்த முகவரியைக் கொடுத்து எங்கெங்கோ கடன் வாங்கிவிட்டு ஓடிவிட்டானாம், வசூலுக்கு வந்தவர்கள் இவர் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டார்களாம். அறை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், காகிதம் மட்டும் கேட்காதீர்கள் என்றார்.

"காகிதத்துக்காகத்தாங்க அறையே," என்று சின்னக்கா உள்ளதைச் சொன்னாள். எதற்கு, என்ன விதி, ஏன் இத்தனை வயதில் என்று எல்லாவற்றையும் அவர் கேட்கக் கேட்கச் சொன்னாள். ஒளிக்க அவளிடம் ஒன்றும் இல்லை. கேட்டு முடித்த கடைக்காரர் கையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டு, காகிதம் எங்கே என்றார்.

முதல் நாள் சாயங்காலம் அவள் பழக்க தோஷத்தில் ஐந்து பேருக்குச் சோறு வடித்துவிட்டாள். தனக்கு மட்டும் எவ்வளவு அரிசி வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. மூன்று நான்கு நாள் அளவு தப்பித் தப்பி, பிறகு பிடிபட்டது. தனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்பதும் சட்டென்று ஞாபகம் வரவில்லை. காரம் குறைவாகப் போட்டே கை பழகியிருந்தது. இப்போது ஒரு மிளகாயைக் கூடுதலாகக் கிள்ளிப் போட்டுப் பார்த்தாள். நன்றாக இருந்தது.

அவள் பெயரில் முதல் கரண்ட் பில் வந்தபோது அதைக் கடைக்காரர் மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பில்லைப் பார்த்து ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு இன்றுதான் பார்க்கிறேன் என்று கீழே போய்த் தன் மனைவியிடம் சொன்னாராம்.

பகலில் நிலையத்தில் வேலை. நோயாளிகள் அவளிடம் ஒட்டிக்கொண்டார்கள். சாயங்காலம் தம்பியின் காரில் அரை மணி நேரம் பழகுவாள். இப்படி மூன்று மாதம் போனது. நடுவில் பெரியக்கா ஒரு தடவை கூப்பிட்டாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், சாமான்களை எடுத்து வைக்க ஆள் இல்லை, ஒரு பத்து நாள் வந்துவிட்டுப் போ என்றாள். சின்னக்கா வர முடியாது என்றாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"லைசென்ஸ் வாங்கி யாரை ஏத்திக்கிட்டு எங்கே போகப்போறே?" என்று பெரியக்கா கேட்டாள். கோபம்கூட இல்லை அதில். நிஜமாகவே புரியாத குரலாக இருந்தது. பிறகு பல வாரம் அவளிடமிருந்து போன் வரவில்லை. சின்னக்கா கூப்பிட்டால் அத்தான் எடுத்து, நன்றாக இருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிடுவார்.

ஐந்தாவது மாதத்தில் ஒரு மத்தியானம் அத்தானே கூப்பிட்டார். பெரியக்காவின் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. திடீரென்று ரத்தப்போக்கு ஏற்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், குழந்தையை எடுத்துவிட்டார்கள், அவள் இன்னும் கண் திறக்கவில்லை. மாப்பிள்ளை வேலை விஷயமாகக் கடல் கடந்து போயிருந்தான். பெரியக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாளாம்.

வருகிறாயா என்று அவர் கேட்கவில்லை. சின்னக்கா நிலையத்திலிருந்தே நேராகப் பஸ்ஸுக்குப் போனாள். அறைக்குப் போய் ஜன்னலைச் சாத்தவும் தோன்றவில்லை. வழியில் கடைக்காரருக்குப் போன் செய்து சொன்னாள். வீட்டைப் பார்க்க ஆள் வருவாரே என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார். வந்தால் வரட்டும் என்றாள். அதன் பிறகு அதைப் பற்றி நினைக்க நேரமில்லை.

மகள் மூன்றாம் நாள் கண் திறந்தாள். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் கிடந்தது. சின்னக்கா இரண்டு பேருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள். பெரியக்காவுக்குத் தலை வாரிவிட்டாள், ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். மகள் பயந்து அழும்போது, "சித்தி இருக்கேன்டா," என்று மட்டும் சொன்னாள். வேறு சமாதானம் எதுவும் அவளுக்குச் சொல்லத் தெரியாது, அதுவே போதுமாகவும் இருந்தது. குழந்தை பெட்டியை விட்டு வெளியே வந்து, மாப்பிள்ளையும் வந்து சேர்ந்த பிறகுதான் கிளம்பினாள். மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அறைக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இரண்டு முறை வந்து பார்த்தும் விண்ணப்பதாரர் இல்லை, விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. அவள் படியேறும் சத்தம் கேட்டே கடைக்காரர் பின்னால் வந்துவிட்டார். வந்த அதிகாரி சின்னக்கா எங்கே என்று கேட்டதற்கு, அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியாது என்று தான் உண்மையைச் சொல்லிவிட்டதாகவும், கடைக்குப் போயிருக்கிறார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று பிறகுதான் உறைத்ததாகவும் சொன்னார். குற்றவாளி மாதிரி நின்றார். நீங்கள் செய்தது சரிதான் என்று அவரைத் தேற்றி, டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். ஜன்னல் வழியாக மழை அடித்துத் தரையெல்லாம் கறை. அதைத் துடைக்கும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் அலுவலகத்தில் போய்ப் புது விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். ஸ்வெட்டர் போட்ட பெண் அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். என்ன நடந்தது என்று கேட்டாள், குழந்தை நலமா என்றும் கேட்டாள். ஆனால் அவளால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. இன்றைய தேதியிலிருந்து ஆறு மாதம் என்று பதிந்துகொண்டாள். நிலையத்தில் மருத்துவர், "வேனுக்கு இப்போதைக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன். உங்களுக்கு லைசென்ஸ் வந்ததும் பேசலாம்," என்று சொல்லிவிட்டு நோயாளியின் முழங்காலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

இதெல்லாம் பெரியக்காவுக்குத் தெரியாது. நோட்டீஸ் விஷயத்தைச் சின்னக்கா தம்பியிடம் சொன்னாள், தம்பி போனில் பெரியக்கா மகளிடம் சொன்னான், மகள் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே அம்மாவைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டாள். அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் பெரியக்கா கைப்பையும் தானுமாக நிலையத்து வாசலில் வந்து இறங்கினாள். முட்டிவலிக்காரி, தனியாக இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்ததே இல்லை. உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"எங்கே அந்த ஆபீஸ்? வா, நான் கேக்கறேன்," என்றாள்.

சின்னக்கா எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள். பெரியக்கா ஒரு முடிவோடு வந்தால் ஆண்டவனே வந்தாலும் திருப்ப முடியாது.

அலுவலகத்தில் பெரியக்கா ஸ்வெட்டர்க்காரிக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டாள். தன் தங்கை எப்படிப்பட்டவள் என்பதைச் சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டது, தன் மகளை வளர்த்தது, தம்பி பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது, இப்போது பேத்தியைக் காப்பாற்றிக் கொடுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். பக்கத்து மேஜைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"இவளுக்கு வீடு இல்லைன்னு எப்படி நீங்க எழுதலாம்? எங்க வீடெல்லாம் இவ வீடுதான். யாரை வேணா கேட்டுப் பாருங்க," என்று முடித்தாள்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பிறகு உண்மையாகவே உதவும் எண்ணத்தோடு ஒரு வழி சொன்னாள். பெரியக்கா ஊரிலும் இதே போல அலுவலகம் உண்டு. இந்த அம்மா பத்து வருடமாக அங்கேயும் இருந்திருக்கிறார்கள் என்றால் அந்த முகவரியிலேயே அங்கே உடனே விண்ணப்பிக்கலாம், காத்திருக்கவே வேண்டாம்.

"உங்க வீட்ல இவங்க பேர்ல என்னம்மா இருக்கு? எதுவா இருந்தாலும் பரவாயில்லை," என்றாள்.

பெரியக்கா ஒவ்வொன்றாக மனதில் எண்ணிப் பார்த்தாள். கரண்ட் அவள் கணவர் பெயரில். வீட்டு வரி அவர் பெயரில். கேஸ் தன் பெயரில். மகள் கல்யாணமாகிப் போய் இத்தனை வருடம் ஆன பிறகும் மகள் பெயருக்கு இன்னும் கடிதம் வருகிறது. சின்னவள் பெயரில் என்ன இருக்கிறது என்று அறை அறையாக மனதுக்குள் தேடிக்கொண்டு போனாள். அவளுடைய துணிகளைப் பீரோவில் எந்தத் தட்டில் வைப்பாள் என்று யோசித்தாள். பீரோவில் அவளுக்குத் தட்டு எதுவும் இல்லை, எல்லாம் பெட்டியிலேயேதான் இருக்கும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா, அவசரம் இல்லை," என்றாள் அந்தப் பெண்.

"ஒண்ணும் இல்லைம்மா," என்றாள் பெரியக்கா. குரல் மிகவும் கீழே போயிருந்தது. எழுந்துகொள்ள முட்டி மறுத்தது. சின்னக்கா அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

அறைக்குப் போகும் படிகளில் பெரியக்கா ஒவ்வொன்றாக நின்று நின்று ஏறினாள். உள்ளே போனதும் கட்டிலில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கொடியில் இரண்டு புடவை, சுவரோரம் ஒரு சின்ன மர அலமாரி. எழுந்து போய் அலமாரியைத் திறந்து பார்த்தாள். துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. மறுபடி சாத்தினாள். சாப்பிடும்போது காரம் தூக்கலாக இருக்கிறதே என்றாள். எனக்கு இப்படித்தான் பிடிக்கும் என்றாள் சின்னக்கா. இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே என்று பெரியக்கா கேட்டதற்கு, நீ கேட்கவே இல்லையே என்று சிரித்தாள்.

பெரியக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள். "ஆறு மாசத்துக்கு உன்னை நான் கூப்பிட மாட்டேன். செத்தாக்கூடக் கூப்பிட மாட்டேன்."

"செத்தா வருவேன்."

"வராதே. வீடு பூட்டியிருந்தா அவன் எழுதி வச்சிட்டுப் போயிடுவான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பெரியக்கா சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அன்று அங்கேயே தங்கினாள். கட்டிலைத் தங்கை அக்காவுக்குக் கொடுக்கப் பார்த்தாள், அது உன் கட்டில் என்று சொல்லிப் பெரியக்கா தரையில் பாய் விரித்துக்கொண்டாள். முட்டிவலியோடு காலையில் எழுந்திருக்கப் பெரும் பாடாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

சொன்னபடியே பெரியக்கா கூப்பிடவில்லை. கூப்பிட்டாள், ஆனால் பேசத்தான். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது எல்லாம் சரியான பிறகுதான் சொன்னாள். தம்பி மனைவியின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று வந்தபோது தம்பியும் அவன் மனைவியும் மாற்றி மாற்றி லீவு போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கும் திணறலாகத்தான் இருந்தது. அத்தான் முதல் முறையாகக் குக்கர் வைக்கக் கற்றுக்கொண்டு, அதைப் பற்றிப் போனில் சின்னக்காவிடம் வெகுநேரம் பெருமையடித்தார். சில நாட்களில் சின்னக்காவுக்கே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்தது. யாரும் தன்னைக் கூப்பிடாத சாயங்காலங்கள் அவளுக்குப் புதிது. அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள், கீழே கடையில் போய் நின்று வேடிக்கை பார்த்தாள். பிறகு அதுவும் பழகியது.

வீட்டைப் பார்க்க வரும் ஆள் நான்காவது மாதத்தில் ஒரு விடுமுறை நாள் காலையில் வந்தார். சின்னக்கா தலைக்குக் குளித்து ஈரத் தலையில் துண்டு கட்டியிருந்தாள். அவர் வாசலிலேயே நின்று உள்ளே நோட்டம் விட்டார். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. பில்களை வாங்கிப் பார்த்தார், கடைக்காரரின் கையெழுத்தைச் சரிபார்த்தார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

"நான் மட்டுந்தாங்க," என்றாள் சின்னக்கா.

அவர் எழுதிக்கொண்டு போனார். கீழே கடைக்காரர் அவரை மறித்து, கேட்காமலே பல விஷயங்களைச் சொன்னதாகப் பிறகு தெரிந்தது.

ஆறு மாதம் முடிந்து ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு கம்பத்தைத் தொட்டுவிட்டாள். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் தம்பி ஆபீஸ் விட்டதும் வந்து, காலி மைதானத்தில் செங்கல் அடுக்கி வைத்து ரிவர்ஸ் பழக்கினான். அடுத்த முறை எதையும் தொடவில்லை. லைசென்ஸ் அட்டை தபாலில் வந்தது. போட்டோவில் அவள் கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தாள்.

இதற்கிடையில் வேனுக்கு வைத்த ஆள் சரியாக வராமல் நின்றுபோயிருந்தான். மருத்துவர் சாவியை எடுத்துச் சின்னக்கா கையில் கொடுத்தார். அன்று முதல் ஆளாக அழைத்துவர வேண்டியது இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆன ஓர் ஓய்வுபெற்ற டீச்சரம்மாவை. முன்பு ஓட்டியவன் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போட்டதில் அந்த அம்மாவுக்கு வேன் என்றாலே நடுக்கம். ஏறும்போதே கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் போ தாயே என்று ஆரம்பித்துவிட்டார்.

சின்னக்கா மெதுவாகவே போனாள். வேகத்தடை வருகிறது என்று முன்கூட்டியே சொன்னாள், நத்தை ஊர்கிற மாதிரி ஏற்றி இறக்கினாள். பின்னால் ஒரு லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்தான். அவனுக்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

"அவங்களுக்கெல்லாம் அவசரமாம்மா?" என்று கேட்டார் டீச்சரம்மா.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் சின்னக்கா.

டீச்சரம்மா கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த தெரு திரும்பும்போது இன்னொரு கையையும் எடுத்துவிட்டார்.